ஓடைக்கு அந்தப் பக்கம்

(கவாய் தீவுக்குக் கிளம்பும் தமிழ் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்)

அன்புள்ள நண்பர்களே,

டிசம்பர் விடுமுறைக்குக் கவாய் போகிறீர்கள் என்று தெரியும். முட்டி வலி வந்தபின் நான் மலையேற வருவதில்லை. ஆனாலும் கலிபோர்னியா விரிகுடாப் பகுதி நடைக் குழுவின் வாட்ஸ்அப்பிலிருந்து என்னை நீங்கள் நீக்கவில்லை. நானும் ஒரு செய்தி விடாமல் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். எட்டுக் குடும்பம், நான்கு வண்டி, ஐந்து நாள். எக்செல் தாளையும் பார்த்தேன். இரண்டாம் நாள் இறைவன் கோயில், மூன்றாம் நாள் படகு, நான்காம் நாள் கலலாவ் பாதை, ஐந்தாம் நாள் காலை விமானம். சாப்பிடும் நேரம் வரைக்கும் போட்டிருக்கிறது. கடைசி வரியில் யாரோ சிவப்பு எழுத்தில் சேர்த்திருக்கிறார்கள்: "வெதர், ரோடு, டிரெயில் செக் பண்ணணும்." பக்கத்தில் 'பொறுப்பு' என்ற கட்டம் மட்டும் காலியாகக் கிடக்கிறது.

அந்தக் காலிக் கட்டம் என்னை இரண்டு நாளாய்த் தூங்கவிடவில்லை. குழுவில் எழுதினால் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு நடுவே புதைந்துபோகும். உங்களைப்போலவே குளிர்கால விடுமுறைக்குத் தீவு தேடிக் கிளம்புகிற மற்ற ஊர்த் தமிழ்ச் சங்கத்தாரும் படிக்கட்டுமே என்று பொதுவில் எழுதுகிறேன்.

ஊர்ப் பெயர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஹவாய் என்பது தீவுக்கூட்டம். கவாய் அதில் ஒரு தீவு, வடமேற்கு ஓரத்தில் இருப்பது. போன தடவை ஒரு நண்பர் ஹவாய்ப் பெருந்தீவின் வானிலையைப் பார்த்துவிட்டுக் கவாய்க்குத் துணி எடுத்து வைத்தார். சிரிக்காதீர்கள். நான் செய்தது அதைவிட மோசம்.

சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் இரண்டு குடும்பமாக இதே டிசம்பரில் இதே தீவுக்குப் போனோம். தங்கியது தெற்குக் கரையில், போயிப்பு என்ற ஊரில். காலையில் திரையை விலக்கினால் கண் கூசும் வெயில். போனிலும் மஞ்சள் சூரியன். 'செக்' அதோடு முடிந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு தீவைக் கிழக்காகச் சுற்றி வடக்கே ஹாஏனா போய்ச் சேர்ந்தோம். சாலை அங்கே முடிகிறது, கேஎ கடற்கரையில். கலலாவ் பாதை அங்கே தொடங்குகிறது. முழுப் பாதை பதினொரு மைல். அனுமதிச் சீட்டு இல்லாதவர்கள் போகக்கூடியது முதல் இரண்டு மைலில் இருக்கும் ஹனகாபியாய்ப் பள்ளத்தாக்கு வரை. அங்கிருந்து உள்ளே இரண்டு மைல் நடந்தால் முந்நூறு அடி உயர அருவி.

பாதை மலையைச் சுற்றி ஏறி இறங்கி ஹனகாபியாய் ஓடையில் போய் நிற்கும். பாலம் கிடையாது. காலை பதினொரு மணிக்குக் கணுக்காலுக்குச் சற்று மேலே தண்ணீர், அடியில் கூழாங்கல் எண்ணலாம் போலத் தெளிவு. பிள்ளைகளைக் கைபிடித்துக் கல்லுக்குக் கல் தாண்ட வைத்தோம். அருவிக்குப் போகும் வழியில் என் மனைவி இரண்டு தடவை சொன்னாள், "தண்ணிச் சத்தம் மாறுதுங்க." நான் காதில் வாங்கவில்லை. எங்கள் தலைமேல் ஒரு சொட்டு மழை இல்லையே.

நான் செங்கோட்டைக்காரன். குற்றாலம் எங்களுக்குக் கொல்லைப்புறம் மாதிரி. ஊரில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே மேலே மலையில் கொட்டிய மழை அருவியில் செந்நீராய் இறங்கும். போலீஸ்காரர் விசில் ஊதி எல்லோரையும் வெளியே விரட்டுவார். சின்ன வயதில் நூறு தடவை பார்த்த காட்சி. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் அப்படி வந்த வெள்ளத்தில் பதினேழு வயதுப் பையன் போய்ச் சேர்ந்த செய்தி வந்த அன்று எனக்கு ஹனகாபியாய்தான் ஞாபகம் வந்தது. அங்கே விசில் ஊத ஆள் கிடையாது.

இரண்டரை மணிக்குத் திரும்பி வந்தால் ஓடை டீ நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் நாங்கள் கால் வைத்த கல் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. இரு கரையிலும் இருபது முப்பது பேர். ஓர் இளைஞன் இறங்கினான். நாலாவது அடியில் கால் வாரிவிட்டது. கூட வந்த இருவர் சட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். அந்த இடத்திலிருந்து கடல் கூப்பிடு தூரம்தான். ஓடை அடித்துக்கொண்டு போனால் நேரே குளிர்கால அலைக்குள் கொண்டு சேர்க்கும். கடற்கரைக்கு இறங்கும் வழியில், அங்கே மூழ்கி இறந்தவர்களின் எண்ணிக்கையை யாரோ பலகையில் கோடு கோடாய்ச் செதுக்கி வைத்திருந்தார்கள். காலையில் பிள்ளைகள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

உட்கார்ந்தோம். ஐந்து மணி நேரத்துக்கு மேல். ஒரு பொட்டலம் முறுக்கு, இரண்டு பாட்டில் தண்ணீர், ஒன்பது பேர். ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது. போனில் சிக்னல் கிடையாது. எட்டு மணிக்கு மேல் தண்ணீர் இறங்கியதும் முன்பின் தெரியாத நாலைந்து பேர் சங்கிலியாய்க் கைகோத்து எங்களைக் கடத்திவிட்டார்கள். (இருட்டில் ஓடையைக் கடந்தது இரண்டாவது தப்பு. விடியும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும்.) சேற்றில் இரண்டு மைல், போன் வெளிச்சத்தில். அன்றிரவு போயிப்புவுக்குத் திரும்பினால் விடுதி வாசலில் தரை காய்ந்து கிடந்தது. அங்கே மழையே பெய்திருக்கவில்லை.

இது எப்படி என்று அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். தீவின் நடுவில் வையலேயலே மலை. உலகத்திலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. ஆண்டுக்குச் சராசரி சுமார் பத்து மீட்டர். அங்கிருந்து இருபது சொச்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் போயிப்புவில் ஒரு மீட்டர்கூடத் தேறாது. வடகிழக்கிலிருந்து ஆண்டின் பெரும்பகுதி வீசும் காற்று கடல் ஈரத்தை அள்ளிவந்து மலையில் மோதி அங்கேயே கொட்டிவிடுகிறது. நமக்குப் புதிதில்லை: கேரளத்தை நனைத்த தென்மேற்குப் பருவமழை திருநெல்வேலிக்குச் சாரலை மட்டும் அனுப்புகிற அதே கணக்கு. ஆனால் இங்கே எல்லாம் நெருக்கம். மலையிலிருந்து கடலுக்கு ஓடைக்குச் சில மைல்தான்; உச்சியில் பெய்தது கீழே வந்து சேர அதிக நேரம் எடுக்காது. குளிர்காலத்தில் 'கோனா லோ' என்று ஒரு புயல் வகை வரும். அப்போது காற்று தெற்கேயிருந்து திரும்பி அடிக்கும். காய்ந்த பக்கமும் நனையும். மழைக்காலம் நவம்பரிலிருந்து மார்ச் வரை. நம் விடுமுறை அதற்குள்தான் விழுகிறது.

ஆகவே போனில் தெரியும் சூரியன் உங்கள் விடுதியின் சூரியன். நீங்கள் நடக்கப்போவது வேறு நாட்டில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாலைக் கதை இதைவிடப் பெரியது. வடகரைக்குப் போக ஒரே சாலை, கூஹியோ நெடுஞ்சாலை. நெடுஞ்சாலை என்று பெயர்தான். ஹனாலேய் ஆற்றின்மேல் 1912இல் கட்டிய ஒற்றை வழிப் பாலத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். அதன்பிறகும் வரிசையாய் ஒற்றை வழிப் பாலங்கள். எதிர்ப்பக்கம் வண்டி காத்திருந்தால் ஐந்தாறு வண்டி போனபின் நின்று வழிவிடுவது அங்கத்திய வழக்கம். ஹனாலேய் ஆறு பெருகினால் பாலத்தை ஒட்டிய சாலை முங்கும், பாலத்தை மூடுவார்கள். மூடினால் அந்தப் பக்கம் இருப்பவர் அந்தப் பக்கம்தான். சுற்றுவழி கிடையாது.

2018 ஏப்ரலில் ஹனாலேய்க்கு அடுத்த வைபாவில் 24 மணி நேரத்தில் 49.69 அங்குலம் மழை பெய்தது. மில்லிமீட்டரில் 1,262. சென்னைக்கு ஓர் ஆண்டு முழுக்கப் பெய்வதில் பெரும்பகுதியை ஒரே நாளில் கவிழ்த்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் ஒரு நாள் மழைக்கு அதுதான் சாதனை. மலை பல இடங்களில் சரிந்து சாலையை மூடியது. ஹாஏனாவுக்கு வெளியாட்கள் மறுபடி போக 2019 ஜூன் வரை பதினான்கு மாதம் ஆனது. அதுவரை அங்கே குடியிருப்பவர்கள் மட்டும், அவர்களும் குறித்த நேரத்தில் அணிவகுத்துப் போய் வந்தார்கள். 2021 மார்ச்சில் ஹனாலேய்க்கு இறங்கும் மேட்டில் மறுபடி பெரிய மண்சரிவு, மறுபடி அணிவகுப்பு.

ஹனாலேய்ப் பள்ளத்தாக்கு முழுக்கச் சேம்பு வயல். நம் சேப்பங்கிழங்குதான், அவர்களுக்கு அது சோறு. மேட்டில் நின்று பார்த்தால் தாமிரபரணிக் கரையில் நாற்று நட்ட வயல் மாதிரி தண்ணீர் நின்று மின்னும். அந்தச் சாலை மூடியது என்றால் நமக்கு ஒரு நாள் திட்டம் கெட்டது. அவர்களுக்குப் பள்ளிக்கூடமும் மருந்தும் போய்விட்டது. மூடிய சாலைத் தடுப்பின் முன்னால் நின்று "இவ்ளோ தூரம் வந்துட்டோமே" என்று காவலரிடம் பேரம் பேசும் நம்மவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

சரி, எதைப் பார்ப்பது? தேசிய வானிலைச் சேவையின் ஹொனொலுலு அலுவலகம் திடீர் வெள்ளத்துக்கு 'வாட்ச்' என்றும் 'வார்னிங்' என்றும் இரண்டு விதமாக அறிவிக்கும். நம்மில் பலர் இரண்டையும் ஒன்றாகவே படிக்கிறோம். வாட்ச் என்றால் வெள்ளம் வருவதற்கான சூழல் கூடிவருகிறது. வார்னிங் என்றால் வந்துவிட்டது, அல்லது வாசலில் நிற்கிறது. வாட்ச் போட்டிருந்தாலே அன்று ஓடை தாண்டும் பாதை கிடையாது என்று முடிவெடுங்கள். வார்னிங் வரும்வரை காத்திருந்தால் அதைப் படிக்க உங்கள் போனில் சிக்னல் இருக்காது.

அடுத்தது ஆற்றின் மட்டம். இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. எனக்குப் பிடித்ததும் இதுதான். அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை ஹனாலேய் ஆற்றில் அளவுமானி வைத்திருக்கிறது. கால் மணிக்கு ஒருமுறை எடுக்கும் அளவு வரைபடமாக இணையத்தில் வரும். எத்தனை அடி என்ற எண்ணை விட்டுவிட்டுக் கோட்டின் போக்கைப் பாருங்கள். தட்டையாக ஓடினால் மலை அமைதியாக இருக்கிறது. நேற்றிரவு செங்குத்தாக ஏறி இப்போது மெல்ல இறங்குகிறது என்றால் மலை நிறையக் குடித்திருக்கிறது, இன்னொரு மழையைத் தாங்காது. ஹனகாபியாய் வேறு ஓடைதான். ஆனாலும் இரண்டுக்கும் மழை தருவது அதே மலைத்தொகுதி; பக்கத்து வீட்டில் கூரை ஒழுகினால் நம் கூரையையும் ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்போமில்லையா?

ஹனாலேய் ஊருக்குள் போனதும் வண்டியை நிறுத்தித் தெற்கே மலையைப் பாருங்கள். சாதாரண நாளில் ஒன்றிரண்டு அருவி மெல்லிய வெள்ளைக் கோடாய்த் தெரியும். ஏழெட்டுக் கோடு தெரிந்தால், ஊரில் எவ்வளவு வெயில் அடித்தாலும், அங்கேயே ஷேவ் ஐஸ் வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பிவிடுங்கள். செலவில்லாத, பாட்டரி தீராத சோதனை.

சாலை நிலவரத்தை மாவட்ட நிர்வாகமும், பாதை திறந்திருக்கிறதா என்பதை மாநிலப் பூங்காத் துறையும் அறிவிக்கும். கிளம்புகிற அன்று காலையில், சிக்னல் இருக்கும்போதே பாருங்கள். முந்தின வாரம் பார்த்தது செல்லாது. "நான் போன மாசம் போனேன், ஒண்ணும் பிரச்சினை இல்ல" என்று குழுவில் யாராவது போடுவார்கள். அது போன மாதத்து ஓடையைப் பற்றிய தகவல்.

பழைய யூடியூப் காணொளிகள் இன்னும் ஆபத்து. ஓஹாவு தீவின் 'சேக்ரட் ஃபால்ஸ்' அருவியைப் பற்றி ஆசை ஆசையாய்ப் பேசுவார்கள். 1999 மே 9, அன்னையர் தினம், மதியம். பாறை சரிந்து எட்டுப் பேர் இறந்தார்கள். அன்று மூடிய பூங்கா இன்றுவரை திறக்கவில்லை. அதே தீவின் ஹைக்கூ படிக்கட்டில் ஏறுவது சட்டவிரோதம். 2024இல் அதைக் கழற்றவே தொடங்கினார்கள். பெருந்தீவின் வைபியோப் பள்ளத்தாக்குச் சாலை நூறு அடிக்கு இருபத்தைந்து அடி இறக்கம். 2022 பிப்ரவரியிலிருந்து வெளியூர்க்காரருக்கு மூடியாயிற்று. எரிமலைப் பக்கம் போவதானால் அது தனி உலகம்: 2018இல் கிலாவேயா வெடித்தபோது தேசியப் பூங்காவின் பெரும்பகுதி நூற்று முப்பத்து நாலு நாள் மூடிக் கிடந்தது. காணொளியில் சிரித்துக்கொண்டே நடக்கும் பெண்ணுக்கு இதெல்லாம் தெரியாது, அவள் 2016இல் நடந்துகொண்டிருக்கிறாள்.

இவ்வளவும் விவரம். விவரம் தெரியாததால் நாம் மாட்டுவதில்லை என்பது என் எண்ணம். எட்டுக் குடும்பத்தில் ஆறு பேர் மென்பொருள்காரர்கள். ஆற்று வரைபடம் படிக்கத் தெரியாதா என்ன? சிக்கல் வேறு இடத்தில். ஹாஏனாவுக்கு ஒரு நாளைக்குத் தொள்ளாயிரம் பேரைத்தான் விடுகிறார்கள். வெளி மாநிலத்தார் முன்பதிவு செய்தாக வேண்டும். முப்பது நாளுக்கு முன் திறந்தால் வண்டி நிறுத்தும் இடம் சீக்கிரமே தீர்ந்துவிடும். நம் குழுவில் ஒருவர் நள்ளிரவு விழித்து அதைப் பிடித்திருப்பார். அப்படிப் பிடித்த சீட்டை ஒரு வரைபடத்தில் கோடு ஏறுகிறது என்பதற்காக யார் விடுவார்கள்? பணம் கட்டி, சீட்டுப் பிடித்து, பிள்ளைகளிடம் சொல்லி, எல்லாம் முடிந்தபின் 'செக்' பண்ணினால் அது கல்யாணப் பத்திரிகை அடித்தபின் ஜாதகம் பார்ப்பது மாதிரி. பொருந்தும் என்றுதான் சொல்வார் ஜோசியர்.

ஆகவே என் யோசனை இது. நாலாம் நாளுக்கு இன்னொரு திட்டத்தை அதே எக்செல்லில், அதே அளவு எழுத்தில், அதே அக்கறையோடு போடுங்கள். போயிப்புவிலிருந்து கிழக்கே மஹாவுலேபு கடற்கரையோரம் ஒரு நடை இருக்கிறது. சுண்ணாம்புப் பாறை, அலை, திமிங்கிலம் தெரியும் காலம். காய்ந்த பக்கம், ஓடைத் தொல்லை இல்லை. மேற்கே வைமேயாப் பெரும்பள்ளத்தைச் சாலையோரக் காட்சிமுனைகளில் நின்றே பார்க்கலாம். (அதற்கு மேலே கோகே காட்டுப் பாதைகளும் மழையில் சரிப்படாது, அந்தச் செம்மண் நனைந்தால் எண்ணெய்.) இரண்டாம் திட்டம் நன்றாக இருந்தால்தான் முதல் திட்டத்தைக் கைவிட மனம் வரும்.

அப்புறம், விமானத்துக்கு முந்தின நாளில் வடகரையை வைக்காதீர்கள். பாலம் மூடினால், ஓடை பெருகினால், அடுத்த நாள் காலை லிஹுவே விமான நிலையத்தில் இருந்தாக வேண்டும் என்ற எண்ணமே உங்களைத் தண்ணீரில் இறக்கும். 2014 ஏப்ரலில் இதே ஹனகாபியாயில் 120க்கும் மேற்பட்டோர் ஓடைக்கு அந்தப் பக்கம் மாட்டி, ராத்திரியைக் காட்டில் கழித்து, ஹெலிகாப்டரில் வெளியேறினார்கள். பசி, குளிர், கொசு, ஆனால் வெளியேறினார்கள். அவசரப்பட்டு இறங்கியவர்களுக்குத்தான் பலகையில் கோடு. தீயணைப்புத் துறை ஹெலிகாப்டரும் மேகம் இறங்கினால் பறக்க முடியாது. ஆகவே பையில் ஒரு ராத்திரிக்கான சாப்பாடு, மழைச்சட்டை, தலைவிளக்கு. கலங்கல் தண்ணீரில் புண்ணோடு கால் வைக்காதீர்கள், அங்கேயும் எலிக்காய்ச்சல் உண்டு.

கோயிலைத் தள்ளிப்போடுங்கள். இறைவன் கோயில் வைலுவா ஆற்றங்கரையில் இருக்கிறது, விமான நிலையத்துக்குப் பக்கம். யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளிடம் 1949இல் தீட்சை பெற்ற அமெரிக்கர் சிவாய சுப்பிரமுனியசுவாமி தொடங்கியது. கணபதி ஸ்தபதி வடிவமைத்து, பெங்களூர் பக்கத்தில் கையால் உளி கொண்டு செதுக்கிய கருங்கல்லைக் கப்பலில் கொண்டுபோய்க் கட்டியது. 2023 மார்ச்சில் குடமுழுக்கு நடந்தது. தரிசனம் காலையில்தான், முன்பதிவும் வேண்டும். நாலாம் நாள் அங்கே போங்கள். வடகரையை இரண்டாம் நாளுக்கு முன்தள்ளினால், அன்று ஓடை சரியில்லை என்றாலும் மூன்றாம் நாள் கையில் இருக்கும். படகை நகர்த்திக்கொள்ளலாம்.

கடைசியாக அந்தக் கட்டம். ஒரு பெயர் போடுங்கள். இரண்டு பேர் வேண்டாம், இரண்டு பேர் என்றால் யாரும் இல்லை. அந்த ஒருவர் காலை ஆறு மணிக்கு வானிலை, ஆறு, சாலை, பாதை நாலையும் பார்த்துவிட்டு 'வேண்டாம்' என்றால் வேண்டாம்தான். ஓட்டெடுப்பு கிடையாது, முணுமுணுப்பு கிடையாது, "உன்னாலதான்" என்ற பேச்சு பிறகு எந்தப் பொங்கல் விழாவிலும் எழக்கூடாது. இதை ஒப்புக்கொள்ளாதவர் வண்டியில் ஏற வேண்டாம். யாரும் முன்வராவிட்டால் என் பெயரைப் போடுங்கள். எனக்கு எப்படியும் இங்கே எட்டு மணிக்கு விழிப்பு வந்திருக்கும், அங்கே அப்போது ஆறு. முட்டிதான் வராது, கண் நன்றாகத் தெரிகிறது.

சனிக்கிழமைக்குள் பதில் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய நடைத்தோழன்